வட்டெறிதல் மகளிர், கடைசி அழைப்பு

அக்கா, அந்தப் புளிச்சோத்து டப்பாவை இப்பத் தொறக்காதீங்க. சொன்னாக் கேளுங்க. மூடி வையுங்க.

முன்னப்பின்னத் தெரியாதவ வந்து சாப்பிடற கையைப் புடிக்கறாளேன்னு நெனைக்காதீங்க. அந்தக் கோடியில உட்கார்ந்திருந்தேன், நல்லெண்ணெய் வாசம் வந்துச்சு. இந்த அபுதாபி ஏர்போர்ட்டுல நல்லெண்ணெய் வாசம் வந்தா அது நம்ம கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளுதான்னு எந்திரிச்சு வந்துட்டேன். நியூயார்க் பிளைட்டுதானுங்களே? நானும் அதேதான். மகளுக்குப் பிரசவமுங்களா? தெரியுதுங்க, பைக்குள்ள இருந்து பூண்டு லேகியமும் வசம்பும் மணக்குது. உங்களைப் பார்த்தா பேத்தி எடுக்கப் போறவங்க மாதிரியா இருக்கு, அதான் அக்கான்னு கூப்பிடறேன்.

ஏன் சாப்பிட வேண்டாம்னேன்னா, நாம போற ஊர்ல இப்ப நடுச்சாமம். நடுச்சாமத்துல யாராச்சும் எந்திரிச்சுப் புளிச்சோறு திம்பாங்களா? அங்க விடியறப்பத்தான் நாம வாயைத் தொறக்கணும். வயித்துக்கு மொதல்ல ஊரை மாத்திப்போட்டா, உடம்பு தானா மாறிக்கும். இது எனக்கு அனுபவம். இப்ப இங்க மணி என்னன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. என் வாட்ச்சு கோபிச்செட்டிபாளையத்துலயே நியூயார்க்குக்கு மாறிருச்சு. இந்த ஊர் நேரம் நமக்கெதுக்கு, இங்க என்ன குடித்தனமா பண்ணப் போறோம்.

நான் வட்டெறியறவங்க. தட்டு மாதிரி இருக்கும், நடுவுல மரம், சுத்தி இரும்பு. வட்டத்துக்குள்ள நின்னு சுத்து சுத்துன்னு சுத்தி வீசணும். கோட்டை மிதிச்சா அந்த வீச்சு செல்லாது. பொம்பளைங்க வட்டு சரியா ஒரு கிலோ. எங்க பக்கத்து வீட்டு ருக்குமணி அத்தை காய்கறி யாவாரம் பண்றவங்க, எடைக்கல்லு தொலைஞ்சுபோன அன்னிக்கு என்னோட பழைய வட்டை வாங்கிட்டுப் போனாங்க. இன்னிக்கு வரைக்கும் தக்காளிக்கு அதுதான் கல்லு. திருப்பிக் கேட்டா, "உன்ற கையில இருந்ததை விட இது இங்க ஒழுங்கா வேலை செய்யுது கண்ணு"ங்கறாங்க.

வருசத்துல பாதி நாளு நான் பிளைட்டுலதான். ஜப்பானு, போலந்து, கத்தாரு, அமெரிக்கான்னு. கூட வர்ற புள்ளைங்கெல்லாம் எறங்குன ஒடனே ஜெட்லாக் ஜெட்லாக்னு சுருண்டுக்கும். ஜெட்லாக்னா ஒண்ணுமில்லீங்க. பிளைட்டு நம்மளை வேகமாக் கொண்டுபோய் எறக்கி விட்டுரும். உடம்பு மட்டும் பின்னால டவுன்பஸ்ஸைப் புடிச்சு, ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னு வரும். அது வந்து சேர்ற வரைக்கும் பகல்ல தூக்கம், ராத்திரி முழிப்பு, கேட்டதுக்கு ஒண்ணு சொல்லறது, சொன்னதுக்கு ஒண்ணு செய்யறது. எனக்கு அதெல்லாம் கெடையாதுங்க. சத்தியமாக் கெடையாது.

ஒரே ஒரு வாய் எடுத்துக்கறேன். ருசி பார்க்கத்தான். கடலை நல்லா முறுகியிருக்குதுங்க்கா.

எங்க கோச்சு பெஞ்சமின் சாருன்னு. போன வருசம் அவரு ஒரு வழி சொன்னாரு. கெளம்பறதுக்கு ஒரு வாரம் இருக்கறப்பவே தூங்கற நேரத்தையும் திங்கற நேரத்தையும் கொஞ்சங்கொஞ்சமாத் தள்ளிக்கிட்டே போகணுமாம். ஊருக்குப் போயிச் சேர்றப்ப உடம்பு பாதி வழி வந்திருக்குமாம். நல்ல வழிதான். ஆனா அவரு என்னை மட்டுந்தான் தள்ளச் சொன்னாரு. ரெண்டரை வயசுப் புள்ளையை வெச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படீங்க தள்ளறது? நான் தூங்கறப்ப அவ முழிச்சுக்கிட்டு இருந்தா வீடு வீடாவா இருக்கும்? அதனால வீட்டையே தள்ளிப்போட்டேன்.

மொதல்ல இட்லி. காலையில ஊத்தற இட்லியைப் பத்து மணிக்குத் தள்ளுனேன், அப்பறம் மத்தியானம், அப்பறம் பொழுது சாயற நேரம். ராத்திரிச் சோறு போயிப் போயி விடியக்காலைக்கு வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு பொன்னரசு, பைக் மெக்கானிக்கு, சொந்தமாப் பட்டறை வெச்சிருக்காரு. அவரு சூரியன் உதிக்கறப்ப ரசஞ்சோறு போட்டாத் தின்னுட்டு, "அம்மிணி, இப்ப நான் தூங்கப் போகணுமா, கடைக்குப் போகணுமா?"ன்னு மட்டும் கேப்பாரு. ஒரு நாளு ஒருத்தர் வண்டிக்கு அடியில படுத்து நட்டு கழட்டிக்கிட்டு இருந்தவரு அப்படியே தூங்கிட்டாரு. வண்டிக்காரர் எழுப்ப மனசில்லாம பஸ்ஸுல வீட்டுக்குப் போயிட்டாரு.

என் மக தன்ஷிகா காலையில பால்வாடிக்குள்ள போறப்பவே டீச்சருக்கு குட் நைட் சொன்னா. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "கோகிலவாணி, போட்டிக்குப் போறது நீயா, உன் மகளா?"ன்னு கேட்டாங்க. படிச்சவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியுது. வீட்டுல எல்லாரும் ஒத்து வந்தாங்க, எங்க எருமை மட்டும் ஒத்து வரலை. அது பழைய நேரத்துக்கே கத்துச்சு.

நீங்களே பாருங்க, பிளைட்டுல ஏறி எறங்கறவ நான். எனக்கு ஒண்ணுமில்லை. பிளைட்டு வாசலையே மிதிக்காத எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஜெட்லாக். பாவம், அவரு ஒடம்பு அப்படி.

என்னங்க, டப்பாவை என் பக்கம் தள்ளறீங்க? வேண்டாங்க. சரி, இந்த ஓரத்துல இருக்கறதை மட்டும்.

இதுல ஒரு சிக்கல் இருக்குதுங்க. நாங்க ஊக்க மருந்து ஏதாச்சும் போட்டுக்கிட்டு வீசறமான்னு பார்க்க ஆளுங்க வருவாங்க. மூத்திரம் புடிச்சுக்கிட்டுப் போவாங்க. என்னிக்கு வருவாங்கன்னு அவங்க சொல்ல மாட்டாங்க. நாமதான் சொல்லணும், தெனமும் இந்த ஒரு மணி நேரம் இந்த இடத்துல இருப்பேன்னு போன்ல பதிஞ்சு வெக்கணும். அந்த நேரத்துல வந்து பார்த்து ஆளு இல்லைன்னா ஒரு தப்பு. ஒரு வருசத்துக்குள்ள மூணு தப்பு விழுந்தாப் போச்சு. ரெண்டு வருசம் வரைக்கும் எந்தப் போட்டிக்கும் போக முடியாது. நான் விடியக்காலை அஞ்சுல இருந்து ஆறுன்னு போட்டு வெச்சிருந்தேன். அந்த நேரத்துல புள்ளைகாரி வீட்டை விட்டு எங்க போயிடப் போறா?

எனக்கு ரெண்டு தப்பு விழுந்துருச்சு. ரெண்டுமே என் மேல தப்பில்லைங்க.

மொதலாவது, ஜப்பான்ல இருந்து வந்த மறுநா. கண்ணு முழிச்சேன், பளிச்சுன்னு இருந்துச்சு எனக்குள்ள. சரி விடிஞ்சுருச்சுன்னு மைதானத்துக்குப் போயி வீச ஆரம்பிச்சுட்டேன். வட்டு எங்க விழுகுதுன்னே தெரியலை, அவ்வளவு இருட்டு. இன்னிக்குப் பனி ஜாஸ்தி போலன்னு நெனச்சுக்கிட்டேன். தேடித் தேடி எடுத்து முடிக்கறதுக்குள்ள அங்க வீட்டுக்கு ஆளு வந்து, காத்திருந்து, போயிட்டாங்க. அது பனி பண்ணுன வேலை.

ரெண்டாவது, போலந்துல இருந்து வந்தப்ப. கோயமுத்தூர்ல பஸ் ஏறுனேன், கோபியில எறங்கணும். கண்டக்டர் கோபி கோபின்னு சத்தம் போட்டாராம். யாருக்குக் கேக்குது அவரு கத்தறது? எனக்கு விவரம் தெரியறப்ப அந்தியூர் பஸ் ஸ்டாண்டு, வண்டியில நான் மட்டும் இருக்கறேன், மணி ஆறு தாண்டிருச்சு. கண்டக்டருக்குத் தொண்டை சரியில்லைன்னா அதுக்கு என் பேர்லயா தப்பெழுதறது? எழுதிட்டாங்க.

அப்பறம் அமெரிக்கா போயிட்டு வந்தேனுங்க. இப்பப் போறது ரெண்டாவது தடவை, நான் சொல்லறது அந்த மொதல் தடவை. வந்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை. ஜெட்லாக் இல்லீங்க, சுறுசுறுப்பு. மாவாட்டுனேன், துணி தொவைச்சேன், பரண்ல இருந்த பாத்திரத்தையெல்லாம் எறக்கிப் புளி போட்டு வெளக்குனேன். விடியறதுக்கு முன்னாலயே வாசல் தெளிச்சு, பெருசா ஒரு வட்டக்கோலம் போட்டேன். எல்லா வேலையும் முடிஞ்சுதே, டெஸ்ட்டுக்காரங்க வந்தா வரட்டும்னு ஒரு நிமிசம் பாயில தலையைச் சாய்ச்சேன்.

இதுக்கப்பறம் நடந்ததெல்லாம் எங்க வீட்டுக்காரர் சொன்னதுங்க. நான் பாதிதான் நம்பறேன்.

சரியா அஞ்சு மணிக்கு ஒரு மேடம் பெட்டியோட வந்து நின்னிருக்காங்க. இவரு என்னை எழுப்பியிருக்காரு. நான் எந்திரிக்கலை. தண்ணி தெளிச்சிருக்காரு. தொடைச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்தேனாம். தன்ஷிகா என் வயித்து மேல ஏறி உட்கார்ந்து குதிச்சிருக்கா. ருக்குமணி அத்தை வந்து காதுகிட்ட, "கோகிலா, உன்ற எருமை அவுத்துக்கிட்டு ஓடுது"ன்னு கத்தியிருக்காங்க. "ஓடிட்டு வரட்டும்"னு சொன்னேனாம். கடைசியில இவரு பட்டறையில இருந்து ஒரு புல்லட்டைத் தள்ளிக்கிட்டு வந்து, வீட்டு நடையில நிறுத்தி முறுக்கியிருக்காரு. தெருவே எந்திரிச்சு வந்துருச்சு. நான் வரலை.

மேடம் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க. "சார், அவங்க வீட்டுலதான் இருக்காங்க, கண்ணுக்குத் தெரியுது. ஆனா டெஸ்ட்டுக்கு வந்திருக்கேன்னு நான் அவங்ககிட்ட நேர்ல சொல்லணும், அவங்க கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும். தூங்கறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லறது?"

"கட்டைவெரல் ரேகை வெச்சுக்கங்களேன் மேடம், நான் கையைப் புடிச்சுக்கறேன்."

"அது சொத்துப் பத்திரத்துக்கு சார்."

இவருக்கு அழுகை வந்துருச்சாம். வராதுங்களா? தன்ஷிகா பொறந்தப்பறம் நான் எந்திரிச்சு நடக்கறதுக்கே நாளாச்சு. வயித்துல தெம்பே இல்லை, சுத்துனாக் கீழ விழுந்தேன். அப்பத் தெனமும் பட்டறையைச் சாத்திட்டு வந்து, புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு, நான் வீசுன வட்டை ஓடி ஓடி எடுத்துக் குடுத்தவரு அவருதான். இன்னொரு ரெண்டு வருசம் உட்கார்ந்தா அதுக்கப்பறம் நான் எங்க எந்திரிக்கறது? அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல எனக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

இங்க கடையில வாங்கி ஊத்துனீங்களே, கொஞ்சம் காப்பி இருக்குமுங்களா அந்தப் பிளாஸ்க்குல? காப்பி குடிக்கக்கூடாது, ஆகவே ஆகாது, தூக்கத்தைக் கெடுத்துரும். அரை டம்ளர் போதும்.

அப்பத்தான் இவருக்கு ஒரு ரோசனை வந்திருக்கு. மைதானத்துல போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னால மைக்குல மூணு தடவை கூப்பிடுவாங்க. மொதல் அழைப்பு, ரெண்டாவது அழைப்பு, கடைசி அழைப்பு. கடைசி அழைப்புக்குள்ள போயி நிக்கலைன்னா பேரை அடிச்சுருவாங்க, அப்பறம் யாரு போயிக் கெஞ்சுனாலும் நடக்காது. ஆறாங் கிளாஸ்ல இருந்து நான் அந்தச் சத்தத்துக்கு ஓடுனவ. கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல பி.டி. சாரு மரத்தடியில நின்னு கூப்பிடறப்ப சோத்துத் தட்டை வெச்சுட்டு ஓடியிருக்கேன்.

இவரு ஒரு பித்தளைக் கொடத்தை எடுத்து வாயில வெச்சுக்கிட்டாரு. மைக்கு மாதிரி முழங்கோணுமில்ல. "வட்டெறிதல், மகளிர். மொதல் அழைப்பு."

என் கால் பெருவெரல் ஆடுச்சாம். மேடமே பார்த்தாங்களாம்.

"வட்டெறிதல், மகளிர். ரெண்டாவது அழைப்பு."

எந்திரிச்சு உட்கார்ந்து முடியை அள்ளிக் கட்டுனேனாம், கண்ணைத் தொறக்காம. இவருக்குச் சந்தோசம் தாங்கலை. அதோட நிறுத்தியிருக்கலாம். கையில வட்டு பட்டா முழுசா முழிச்சுக்குவான்னு, என் ஸ்போர்ட்ஸ் பையில இருந்து வட்டை எடுத்து என் வலது கையில குடுத்துப்போட்டு, கொடத்துல வாயை வெச்சு, "கடைசி அழைப்பு, கோகிலவாணி பொன்னரசு"ன்னு சொல்லியிருக்காரு. அவரு பண்ணுன தப்பு அதுதான். வட்டெறியறவ கையில வட்டைக் குடுத்துக் கடைசி அழைப்புன்னா அவ என்னங்க பண்ணுவா?

நேரா வாசலுக்கு நடந்தேனாம். கோலத்துக்கு நடுவுல போயி நின்னேனாம். வட்டமா இருந்துச்சில்ல, அதனால காலுக்கு அது தெரிஞ்சிருக்கும் போல. மேடம் புரிஞ்சுக்கிட்டுப் பெட்டியைத் தலைக்கு மேல வெச்சுக்கிட்டு அப்படியே குப்புறப் படுத்துட்டாங்க. நல்ல அனுபவஸ்தங்க. நான் சுத்துனேன். ஒண்ணரைச் சுத்து. விட்டேன்.

அது எங்க கூரையைத் தாண்டி, நடுவுல இருக்கற சந்து தாண்டி, ருக்குமணி அத்தை வீட்டைத் தாண்டி, அவங்க பின்கட்டுல மேடை கட்டி வெச்சிருந்த கறுப்புத் தண்ணித் தொட்டியில போயி எறங்குச்சு. டமார்னு ஒரு சத்தம். வேடிக்கை பார்த்தது போதும், யாவாரத்துக்கு நேரமாச்சுன்னு அத்தை அப்பத்தான் போயி அதுக்குக் கீழ நின்னு தக்காளி பொறுக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. மொத்தத் தண்ணியும் அவங்க தலையில. அங்க இருந்தே குரல் வந்துச்சு: "ஏ கோகிலா, நான் குளிக்கலாம்னுதான் இருந்தேன். இத்தனை அவசரமில்லை கண்ணு."

அந்தச் சத்தத்துலதான் நான் முழிச்சேன். முழிச்ச ஒடனே, "எத்தனை மீட்டரு?"ன்னு கேட்டேன். அது எனக்கே ஞாபகம் இருக்கு. மேடம் படுத்த வாக்குலயே கையை நீட்டி, "மேடம், டெஸ்ட்டுக்கு வந்திருக்கேன், இங்க கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. போட்டேன். ஆறு அடிக்கறதுக்குக் கொஞ்சந்தான் இருந்துச்சு.

அதோட முடியலைங்க. மூத்திரம் குடுக்கணுமே. வரவே இல்லை. உட்கார்ந்தாத் தூக்கம் சொக்குது. மேடம் முன்னால நின்னு பார்த்துக்கிட்டே இருக்கணும், அது சட்டம். தண்ணி குடிச்சேன், மோர் குடிச்சேன். ம்ஹூம். கதவைத் தள்ளிக்கிட்டுத் தன்ஷிகா வந்தா. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. அவளைத் தெனமும் உட்கார வெச்சு நான் பண்ணுவேனில்ல, அதே மாதிரி, "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... போயிரு கண்ணு, அம்மா பாரு, தங்கமில்ல"ன்னா. மேடம் செவுத்துப் பக்கம் திரும்ப முடியாம, சிரிக்கவும் முடியாம நின்னாங்க. வந்துருச்சுங்க. அளவுக்கு மேலயே குடுத்தேன். டெஸ்ட்டும் சுத்தம்னு வந்துருச்சு. மூணாவது தப்பு விழுகலை.

ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்குது. அன்னிக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் டேப்பை வெச்சு அளந்தாரு, கோலத்துல இருந்து தொட்டி வரைக்கும். இத்தனை வருசத்துல நான் முழிச்சுக்கிட்டு வீசுன எல்லாத்தையும் விட ஜாஸ்தி. கோலத்தோட கோட்டுல ஒரு புள்ளி கலையலை, காலு வெளியில போகவே இல்லை. இதைப் பெஞ்சமின் சார்கிட்டச் சொன்னேன், நேர்ல பார்த்த சாட்சி ஒரு அதிகாரியே இருக்காங்க, எழுதிக்கங்க சார்னு. அவரு எழுதற நோட்டை மூடி வெச்சாரு. அப்பறம், "நீ போட்டியில கோட்டை மிதிக்கற மிதிக்கு இனிமே உன்னைத் தூங்க வெச்சே மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போகணும் போல"ன்னாரு. இப்படிச் சொல்லறதாங்க ஒரு கோச்சு? உண்மையான வீச்சு அது. ஒரு எடத்துலயும் பதிவாகலை. அத்தைக்குப் புதுத் தொட்டி வாங்கிக் குடுத்ததுதான் மிச்சம். எங்க வீட்டுக்காரரு போன்ல படம் புடிச்சிருக்காரு, ஆனா அதுல இருக்கறது நான்தான்னு என்ன நிச்சயம்? இருட்டு. அதுல இருக்கறவ கண்ணை மூடிக்கிட்டு இருக்கா. நான் கண்ணை மூடிக்கிட்டு வீசுவேனா?

அட, டப்பா காலியாயிருச்சே. நீங்க சாப்பிடவே இல்லையே அக்கா. நல்லதுதான். அங்க போயி விடிஞ்சப்பறம் சாப்பிட்டாத்தான் உடம்புக்கு ஆகும்.

இப்ப விசயம் என்னன்னா, அந்த ரெண்டு தப்பும் இன்னும் அப்படியே நிக்குது. ஜப்பான் தப்புக்கு இந்த மாசக் கடைசியில ஒரு வருசம் முடியுது, முடிஞ்சா அது கழிஞ்சுரும், மூச்சு விடலாம். அது வரைக்கும் ஒண்ணு கூட விழுகக்கூடாது. நாளைக்கு விடியக்காலை நியூயார்க் ஓட்டல்ல இருப்பேன்னு பதிஞ்சு வெச்சிருக்கேன். இந்தப் பிளைட்டை விட்டா அடுத்தது நாளைக்குத்தான். அதுல போனா அந்த நேரத்துக்கு நான் ஆகாசத்துல இருப்பேன். ஆகாசத்துக்கு வந்தா டெஸ்ட் எடுப்பாங்க?

இந்த ஏர்போர்ட்டுல இன்னொரு கஷ்டம், மைக்குல கூப்பிடறதில்லையாம். போர்டுல எழுத்து மட்டும் மாறுமாம். எழுத்துக்கு நான் எந்திரிக்க மாட்டேங்க.

தூக்கமெல்லாம் இல்லை. இந்த ஏசிக்குக் கண்ணு எரியுது, சித்த நேரம் மூடிக்கறேன். அங்க நடுச்சாமமில்ல, மூடறதுதான் முறை. எனக்கு ஜெட்லாக் கெடையாதுன்னு சொன்னேனே. நீங்க அந்தக் கண்ணாடிக் கதவை மட்டும் பார்த்துக்கிட்டு இருங்க. ஜனம் வரிசை கட்டுனாக் கூப்பிடுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக் கேக்காது, தோளைத் தட்டுனாலும் பிரயோசனமில்லை. பிளாஸ்க்கு மூடியை வாயில வெச்சுக்கிட்டு, நான் சொன்னேனே, அதே மாதிரி. மொதல் அழைப்புக்குப் பெருவெரல் ஆடும், பயப்படாதீங்க. ரெண்டாவதுக்கு உட்காருவேன். கடைசி அழைப்பு சொல்லறப்ப மட்டும் என்ற வலது கைப்பக்கம் நிக்காதீங்க.

அந்த டப்பா மூடி நல்ல வட்டமா இருக்குதுங்க்கா. அதை எடுத்து மொதல்ல பைக்குள்ள வெச்சுருங்க.